ஆணி அடிக்க அனுமதி

தி. நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும். அந்த எரிச்சலில்தான் என் கணவர் அடையாறில் ஃப்ளாட் வாங்கினார். குடிபோன அன்றே இஷ்டத்துக்கு ஆணி அடித்தார்.

தொண்ணூறுகளில் அவர் அச்சகம் ஆரம்பித்தபோது, நஷ்டம் வந்தால் வீடு போய்விடக் கூடாதென்று, வக்கீல் யோசனைப்படி அதை என் பெயருக்கு எழுதிவைத்தார். பாங்க் கணக்கையும் பிரித்துக்கொண்டோம். மற்றபடி ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அடுத்த ஜனவரியில் தினசரி காலண்டரும் சுத்தியலுமாக வந்து, "இங்க ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். பழைய ஹவுஸ் ஓனரிடம் கேட்ட அதே குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதென்ன கேள்வி? உங்க வீடுதானே!" என்று கத்தினேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். தி. நகரில் செய்ததைப் போலவே, காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினார்.