அஞ்சலையின் கீரையில் இல்லாத எண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். ஆனால் என் மனைவியின் அகராதியில் 'கொஞ்சம்' என்ற சொல்லே கிடையாது. மறுநாள் மதியம் தட்டில் முருங்கைக்கீரை வந்தது. உப்புப் போட்டு அவித்தது. தாளிப்பு இல்லை, தேங்காய் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"இனிமே இப்படித்தான்" என்றாள்.

ஒரு வாய் வைத்தேன்... அஞ்சலை நினைவுக்கு வந்துவிட்டாள்.

யார் அஞ்சலை? சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். எனக்கு இருபது வயது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். அங்கே எனக்கு இரண்டு வேலை. காலையிலிருந்து பெருமுக்கல் பக்கத்து வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். மூட்டைக்குள் கையை விட்டு, நாலு காயை உடைத்து, மென்று பார்க்க வேண்டும். கசக்கிறதா? காறல் அடிக்கிறதா? பருப்பு முற்றியதா? இதற்கு 'மாதிரி பார்க்கிறது' என்போம்.

சாயங்காலம் இன்னொரு வேலை. காய் உடைக்கும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியும் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, என் எதிரே துப்ப வேண்டும். வெள்ளையாக வந்தால் பருப்பு தின்றிருக்கிறாள் என்று அர்த்தம். மறுநாளிலிருந்து வேலை கிடையாது. எனக்கு 'வாய் பாக்கிற ஐயா' என்றே பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது... இன்றைக்கு எழுதும்போது கூசுகிறது.

அஞ்சலை அந்த வரிசையில் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். வாசலுக்கு வரும்போது எப்போதும் முன்னால் போகிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வருவாள். சிநேகம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அந்த முன்னால் போகிறவள் வேலைக்கு வரவில்லை. அஞ்சலை தனியாக வந்தாள். சொம்பை நீட்டினேன். அவள் கை ஒரு சாண் தள்ளிப் போனது. அடுத்த அடியில் தண்ணீர்ப் பானையில் கால் இடித்து, பானை உருண்டது. இத்தனைக்கும் இன்னும் விளக்கு வைக்கவில்லை, எனக்கு எதிர்ச்சுவர்வரை நன்றாகத் தெரிந்தது.

நான் என்ன நினைத்தேன்? தின்றிருக்கிறாள், தப்பிக்கப் பானையைக் கவிழ்க்கிறாள். வேறென்ன நினைப்பேன் — வாய் பார்க்கிறவன்தானே.

"நடிக்காதே. கொப்பளிச்சுத் துப்பு" என்றேன்.

துப்பினாள். ஊற்றிய தண்ணீர் ஊற்றினபடியே வந்தது.

"ஒண்ணுகூட வாயில போட்டதில்லைங்க. பொழுது சாஞ்சா கண்ணு தெரிய மாட்டேங்குது. மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்கய்யா. வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க."

வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை அவளை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எனக்குப் பழக்கம். வயிற்று உப்புசம் என்று மாதத்துக்கு இரண்டு தடவை அவர் எதிரே நிற்பவன் நான். தினமும் வண்டி வண்டியாக மாதிரி பார்த்தால் வயிறு என்ன செய்யும்?

"மாலைக்கண்" என்றார் டாக்டர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு. "என்னம்மா சாப்பிடறே?"

"கேப்பைக் கூழுங்க. முருங்கைக்கீரை."

"கீரை எப்பப்போ?"

"தெனமும்ங்க. மரம் வாசல்லயே இருக்குது."

டாக்டரின் பேனா நின்றது. "தினமும் கீரை தின்னா இது வரக்கூடாதே. எப்படிச் செய்வே?"

"உப்பு போட்டு அவிச்சி, துன்னுட்டு வேலைக்கு வந்துடுவேங்க."

"எண்ணெய்?"

"எண்ணெய்ங்களா? வெளக்குக்கே இல்லீங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பி விளக்கினார். கீரையில் கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் குடலுக்குள் இறங்கியதும் ஈரலிலிருந்து பித்தநீர் வந்து அதைப் பொடிப் பொடித் துளிகளாக உடைக்கிறது — எண்ணெய்த் தலையில் சீயக்காய் செய்கிற வேலை. அந்தத் துளிகளோடு சேர்ந்துதான் கீரைச் சத்தும் குடலைத் தாண்டி உடம்புக்குள் போகும். எண்ணெயே இல்லாவிட்டால் பெரும்பங்கு வீணாக வெளியேறிவிடும்.

அதாவது, அவள் தினமும் கீரை தின்றாள். அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

"எங்கம்மா வேலை செய்யறே?"

"மல்லாட்டை மண்டியிலங்க."

டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். "ஏன் தம்பி, உன் வயித்துல கிடக்கறதுல பாதி இவ வயித்துக்குப் போயிருந்தா, ரெண்டு பேருமே இங்க வந்திருக்க வேணாமே."

டிஸ்பென்சரியில் இதற்குக் கொடுக்கிற மீனெண்ணெய் பாட்டில் காலி. யுத்தத்தில் சரக்கு வரவில்லை. "கீரையோட தினம் ஒரு பிடி மல்லாட்டை தின்னும்மா. அலட்சியமா விட்டா பகல்லயும் கண்ணு தெரியாம போயிடும்" என்று அனுப்பிவைத்தார்.

வழியில் அவளிடம் சொன்னேன், "உடைக்கும்போது ரெண்டு வாயில போட்டுக்கோ. நான் பார்க்காத மாதிரி இருந்துடறேன்."

"வேணாங்கய்யா. இன்னிக்கி நீங்க பாக்க மாட்டீங்க. நாளைக்கி வேற ஐயா வந்து நிப்பாரு. வாய் பழகிட்டா பேஜாரு."

முதலாளியிடம் ஒரு பிடி பருப்பு கேட்டேன். "ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கப்பா" என்று முடித்துவிட்டார். கேட்டால்தான் என்ன? அதை வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வண்டிகள் வந்தபோது முதலாளி எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பாதி நிஜம்.

"இனிமே என்னால மாதிரி பார்க்க முடியாதுங்க. வயிறு தாங்கலை. வேற ஆள் வைங்க."

"யாரை வைக்கிறது? துன்னுக்கினே இருப்பானுங்களே."

"அஞ்சலை இருக்கா. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட வெள்ளையா துப்பினதில்லை."

முதலாளி யோசித்தார். சரி என்றார்.

நான் நாலு காய் மென்று சொன்னதை அவள் ஒன்றரைக் காயில் சொன்னாள். "மேல நல்ல காய், அடியில ஈரம்ங்க" என்பாள். அவிழ்த்துக் கொட்டினால் அப்படியே இருக்கும். வண்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முதலாளிக்குப் பரம திருப்தி. மூட்டைக்கு ஒன்றரைக் காய் என்றாலும், எத்தனை மூட்டை? சாயங்காலத்துக்குள் ஒரு பிடிக்கு மேலேயே ஆகிவிடும்.

அவள் வாய் வெள்ளையாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையில் நின்று கொப்பளித்துவிட்டுத்தான் போவாள். மற்றப் பெண்களும் கொப்பளித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் எண்ணெய் இருந்தது? நான் விசாரிக்கவில்லை.

ஒன்றிரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அஞ்சலை யாருடைய முந்தானையையும் பிடிக்காமல் நேராக வந்தாள். என் கையிலிருந்த சொம்பைத் தடவாமல் வாங்கினாள். கொப்பளித்துத் துப்பினாள். பால் மாதிரி வெள்ளை.

போகாமல் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? நாங்க துப்பறப்ப நீங்க தலைய குனிஞ்சிக்கினுதான் நிப்பீங்களா?"

"கொஞ்ச நாளாத்தான்" என்றேன்.

"இப்பதாங்க தெரியுது" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள்.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருந்தது — ஒரே ஒரு ஸ்பூன்.

தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.