மற்றக் கால்

எலும்பை எலும்போடு கட்டிவைக்கிற நாரைத்தான் லிகமென்ட் என்கிறோம். ஊரில் டொக்டராயிருந்தவள், இங்கே லைசென்ஸுக்கு அலைந்து களைத்து, இப்போது ரொறொன்ரோவில் எலும்பு மூட்டுகளைக் கையாலேயே பார்க்கிற ஒஸ்டியோபதி வைத்தியக் கல்லூரி ஒன்றில் முழங்கால் லிகமென்டுகளைப் படிப்பித்துச் சீவிக்கிறேன். படம் கீறி விளங்கப்படுத்துவது சுகம். அறுந்த நார் கைக்கு எப்படித் தெரியும் என்று காட்டுவதுதான் கரைச்சல். பிள்ளைகள் ஆளுக்காள் சோதிப்பார்கள், எல்லாம் கல்லுமாதிரி இளம் முழங்கால்கள்.

அதனால் தவணைக்குத் தவணை என் கணவரைக் கூட்டிக்கொண்டு போவேன். அவருடைய வலது முழங்காலில் பின்பக்க லிகமென்ட் அறுந்துபோனது. படுக்கவைத்து, காலை மடித்து, முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பை முன்னாலிருந்து தள்ளினால் மேசையில் இழுத்துத் தள்ளுகிற லாச்சி உள்ளே போவதுபோல் போகும். வொலிபோல் விளையாடி முழங்கால் குத்த விழுந்தது என்று கலியாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்படி விழுந்தாலும் அந்த நார்தான் அறும். அதற்கும் முந்தி ஆமி அவரைப் பிடித்து வைத்திருந்தது. "விசாரிச்சவங்கள், அடிக்கேல்லை" என்று தாய்க்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார். நானும் நம்பி நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

நோகிற காலைத் தொடுமுன் மற்றக் காலைப் பார், அப்போதுதான் எது பிழையென்று தெரியும். வகுப்பில் இது என் சட்டம். ஒருத்தரும் கேட்பதில்லை, நானும் கத்திக் கத்திக் களைத்துவிட்டேன். இந்தமுறை ஒருத்தி கேட்டாள். இங்கே பிறந்த எங்கட பிள்ளை.

"அங்கிள், மற்றக் காலை ஃபேர்ஸ்ட் செக் பண்ணட்டா?"

"அது நல்ல கால் பிள்ளை. இதைப் பாருங்கோ."

"மிஸ் ஏசுவா, அங்கிள்."

வகுப்பே சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"காட்டுங்கோவன். உதுக்கென்ன வெக்கம்?" என்றேன் நான், பெரிய ரீச்சர்.

இடது பக்கக் களுசான் காலையும் சுருட்டினார். அவள் தள்ளினாள். முகத்தைச் சுளித்து இன்னொருக்கால் தள்ளினாள்.

"மிஸ், இதுவும் போகுது."

அவளை விலக்கிவிட்டு நான் கைவைத்தேன். போனது. வலது எவ்வளவோ, இடதும் அவ்வளவு. விழுகிறவன் இரண்டு முழங்காலையும் அளந்து வைத்து விழமாட்டான். ஆளை இருத்தி, முன்னாலிருந்து ஒன்றுக்கு அடித்து, பிறகு மற்றதற்கும் அடித்தால்தான் இப்படி வரும். அறுந்த நார் அடி வந்த திசையைச் சொல்லும் என்று முதல் வகுப்பிலேயே போர்டில் எழுதுகிறவள் நான்.

"இதுவும் வொலிபோலா, அங்கிள்?"

"ஓம் பிள்ளை," என்று சொல்லிக் களுசானை இறக்கிவிட்டார்.

மிச்ச வகுப்பில் என்ன கதைத்தேனோ தெரியாது. மில்லிக்கனில் இருக்கிற வீட்டுக்கு அவர்தான் கார் ஓடினார். ஸ்டீல்ஸ் ரோட்டு முழுக்க ஊத்தைப் பனி. எனக்கு அவர்மேல் பற்றியெரிந்தது. அதைவிட என்மேல். அவங்கள் அடித்த அதே இடத்தில், அதே திசையில், தவணைக்குத் தவணை ஊர்பேர் தெரியாத பிள்ளைகளைத் தள்ளவைத்தவள் நான்தானே.

"அம்மாவுக்கு மறைச்சது சரி. எனக்கேன் மறைச்சனீங்கள்?"

சிவப்பு லைற்றில் காரை நிற்பாட்டினார். அவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான்.

"நீர்தானே இதைப் படிப்பிக்கிறனீர். தெரிஞ்சுதான் கூட்டிக்கொண்டு போறீர் எண்டெல்லோ நினைச்சன்."