செம்பூரில் நிற்காத வண்டி

எங்கள் கல்லூரி லேபில் புத்தம்புது கணினிகள் ஒரு நாடகம் போடும். அப்பா காலத்துப் பதினாறு பிட் இயந்திரமாகத் தம்மைப் பாவித்துக்கொண்டு கறுப்புத் திரை காட்டும். அதில் நாங்கள் அசெம்பிளி புரோகிராம் எழுத வேண்டும். எழுதுவது என்றால், சீனியர் தந்த ஃபைலை அப்படியே டைப் அடிப்பது. ஓடாவிட்டால்? "டிலீட் கரோ, ஃபிர் ஸே டைப் கரோ" என்பார் சார். அழித்துவிட்டு மறுபடி அடி, அவ்வளவுதான் ஆராய்ச்சி.

அதே கணினியில் சிம்பாலிக் டீபக்கர் ஒன்றும் இருந்தது. தப்பு எங்கே என்று தேட, புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டி நிறுத்தும். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை வெறும் எண்ணாகக் காட்டாமல், நாம் வைத்த பெயராலேயே காட்டும். அதைத் திறப்பது தன் தப்பை ஊரறிய ஒப்புக்கொள்வது என்பதால் யாரும் தொடமாட்டார்கள்.

நான் தொட்டேன். சீனியர் ஃபைலின் எல் ஒன், எல் டூ என்ற பெயர்கள் எல்லாம் சலித்துப்போய், தினமும் போய்வரும் ஹார்பர் லைன் மின்ரயில் ஸ்டேஷன்களையே பெயர்களாக வைத்தேன். குர்லாவில் எண்ணை ஒப்பிடு, பெரியதென்றால் குறித்துக்கொள். செம்பூரில் அடுத்த எண்ணுக்கு நகர்ந்து, இன்னும் எத்தனை மிச்சம் என்ற கணக்கில் ஒன்றைக் கழி. கோவண்டியில், மிச்சம் இருந்தால் குர்லாவுக்குத் திரும்பு. தீர்ந்தால் வாஷியில் இறங்கு.

செய்முறைத் தேர்வில் இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தோற்றால் கே.டி. என்னும் அரியர். இதே லேப், இதே நாடகம், மறுபடி. கோடை இன்டர்ன்ஷிப்பும் கே.டி. இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

ஓட்டினேன். உறைந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் இரண்டு மேஜை தள்ளி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சார் காற்றிலேயே டைப் அடித்துக் காட்டினார். நான் டீபக்கரைத் திறந்தேன். குர்லா, கோவண்டி, குர்லா, கோவண்டி. முழித்தேன்.

பக்கத்து மேஜையில் என் தாராவி நண்பன். எட்டிப் பார்த்தான்.

"ஏலே, ஒன்னோட வண்டி செம்பூர்ல நிக்கவே இல்லயே. எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குற ஹார்பர்ல ஏதுல ஃபாஸ்ட்டு?"

"சும்மா இருடா, எக்ஸாமினர் பாக்கறார்."

ஆனால் அவன் சொன்னது சரி. சிறிய எண் வந்தால் செம்பூருக்குத் தாவு என்று எழுதவேண்டிய இடத்தில் கோவண்டி என்று எழுதியிருந்தேன். கோவண்டிதான் கல்லூரிக்கு நான் தினமும் இறங்கும் ஸ்டேஷன். கையும் பழக்கத்தில் அங்கேயே இறங்கிவிட்டது. செம்பூரைத் தாண்டிப் போனதால் கழித்தலே நடக்கவில்லை. மாற்றி ஓட்டினேன். வாஷி வந்தது, விடையும் வந்தது.

எக்ஸாமினரும் வந்தார். திரையைப் பார்க்கவில்லை.

"பிராசசர் சிப்பில் எத்தனை பின்கள்?"

"ஃபார்ட்டி, சார்."

"குட்." கையெழுத்துப் போட்டார். பாஸ்.

பிரிண்ட் அவுட்டைப் பார்த்த சாருக்குத்தான் முகம் சுருங்கியது. "யே க்யா டைம்டேபிள் ஹை? எல் ஒன், எல் டூ லிக்கோ!" ரயில் அட்டவணை வேண்டாமாம், எல் ஒன், எல் டூ என்றே எழுதவேண்டுமாம்.

திரும்பும் வண்டி செம்பூரில் நின்றபோது நண்பன் என் விலாவில் இடித்தான்.

"நின்னுட்டுலே. ஒண்ணு கழிச்சுக்க."