துவைக்காத பெட்ஷீட்டுக்குச் சம்பளம்

கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி, மேனேஜர் சங்கரலிங்கம், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணாச்சியின் மகன். யோசனையே அவருடையதுதான், போனில் சொல்லிவிட்டார். இன்னொருவர், லாட்ஜின் துணிகளைத் துவைக்கும் பாண்டியம்மா அக்கா. அவர் அப்போது மொட்டை மாடியில்தான் இருந்தார். கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்திருப்பார். யாரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

சிவகாசியில் இருபத்தெட்டு அறைகள் உள்ள லாட்ஜ் அது. சீசனில் வெளிமாநிலப் பட்டாசு வியாபாரிகள் வந்து நாலைந்து நாள் தங்குவார்கள். பகலில் கம்பெனி கம்பெனியாகப் போய் சாம்பிள் பார்ப்பார்கள், சாயங்காலம் வந்து குளிப்பார்கள். குளிப்பதற்கான தண்ணீர் லாரியில் வரும். தினம் ஒரு லாரி. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றாலே லாரிதான் என்று இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். லாட்ஜ், ஹோட்டல்காரர்களுக்குத் தண்ணீரையும் கரண்டையும் குறைக்க வழி சொல்வது என் பிழைப்பு என்பதும் தெரியும்.

அறை புக் பண்ணும் வெப்சைட்டில், சுற்றுச்சூழலைக் கவனிக்கும் லாட்ஜ்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை போடுகிறார்களாம். மகனுக்கு அந்த இலை வேண்டும். அண்ணாச்சிக்கு லாரிக் காசு குறைய வேண்டும். எனக்கு... இரண்டும் நடந்தால் நாலு லாட்ஜில் என் பெயரைச் சொல்வார்கள்.

திட்டம் சிக்கலானது ஒன்றும் இல்லை. குழாய்களில் தண்ணீரை மட்டுப்படுத்தும் சல்லடை மூடி. ஓட்டை பிளஷ் டேங்குகளுக்குப் புது வாஷர். முக்கியமாக, தினமும் மாற்றிய பெட்ஷீட்டை இனி மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுவது. துண்டை விருந்தாளி கொக்கியில் மாட்டினால் அப்படியே விட்டுவிடுவது, தரையில் போட்டால் மட்டும் துவைப்பது.

இதை விருந்தாளிக்குச் சொல்ல அறைக்கு ஓர் அட்டை வேண்டுமே? அண்ணாச்சியின் மச்சினனுக்குப் பிரஸ் இருக்கிறது. இருபத்தெட்டு அட்டை என்று சொன்னதும் அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"தம்பி, ஐயாயிரத்துக்குக் கொறஞ்சு மெஷின்ல ஏத்துனா மெஷினே என்னையப் பார்த்துச் சிரிக்கும்."

ஐயாயிரம் அட்டை வந்தது. நாலு கலர், லேமினேஷன். அதில் 'காகிதத்தை வீணாக்காதீர்' என்றும் ஒரு வரி இருந்தது. எழுதியவன் நான்தான். மிச்ச அட்டைகள் மேனேஜரின் மேஜைக்குக் கீழே இருக்கின்றன. காலை நீட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் திட்டம் பலித்தது. அதையும் சொல்ல வேண்டும். பத்தே நாளில் தினம் வந்த லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. அண்ணாச்சி எனக்குக் காபி சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, வந்து போகிறவர்களிடமெல்லாம் "இந்தத் தம்பி படிச்ச பிள்ளை" என்றார்.

அன்றைக்கு மாடிப் படியில் பாண்டியம்மா அக்கா எதிரே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தாயில்பட்டிக்காரர். பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஷெட்டில் வெடித்ததைப் பார்த்தபிறகு அந்த வேலை வேண்டாம் என்று பஸ் ஏறி இங்கே துவைக்க வந்தவர். கையில் என் அட்டை ஒன்றை வைத்திருந்தார்.

"சார், இது நீங்க எழுதுனதாம்ல?"

"ஆமாக்கா."

"நல்லா எழுதியிருக்கீக. 'உங்கள் ஒரு துண்டு, ஒரு குடம் தண்ணீர்.' எம்மக வாசிச்சுச் சொன்னா." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி சும்மாத்தான கெடக்கு... ஒரு துண்டு பாண்டியம்மாளுக்கு மூணு ரூவான்னும் போட்டிருக்கலாம்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே சொன்னார். பெட்ஷீட்டுக்கு ஆறு ரூபாய், துண்டுக்கு மூன்று, தலையணை உறைக்கு ஒன்று. சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது.

"போன மாசம் ஒரு நாளைக்கு முந்நூத்தி முப்பது ரூவாய்க்குத் துவைச்சேன் சார். நேத்து நூத்தி நாப்பத்தஞ்சு. தண்ணி மிச்சம்னு அண்ணாச்சி சந்தோசமா இருக்காக. என்னைய எங்கன மிச்சம் பிடிச்சு வைக்கப் போறாக?"

"எனக்குத் தெரியாதேக்கா. தெரிஞ்சிருந்தா..."

"தெரியாதா? நாரணாபுரத்துப் பிள்ளைதான நீங்க? உங்கம்மா என்ன, மாசச் சம்பளமா வாங்குனாக?"

அவர் இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். என்னைப் படிக்கவைத்தது தீப்பெட்டி. அம்மா ஒட்டிய பெட்டிகளின் எண்ணிக்கைதான் எங்கள் வீட்டின் வருமானம். ஊரே மழை வேண்டும் என்று வானத்தைப் பார்க்கும்போது, ஒட்டிய பெட்டி காயாதே என்று பயந்த வீடு எங்களுடையது. பசை தீர்ந்தால் அன்றைக்குக் காசு குறையும். விரல் வெட்டுப்பட்டால் குறையும். விருந்தாளி வந்தால் குறையும். எண்ணிக்கை குறைந்தால் சோறு குறையும் என்பதை அ, ஆவுக்கு முன்னால் கற்றுக்கொண்டவன், எண்ணிக்கையைக் குறைப்பதையே ஒரு திட்டமாக எழுதி, நாலு கலரில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். படிப்பு என்னை எங்கே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது, பாருங்கள்... அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலியில்.

அவரிடமே போனேன். பாண்டியம்மா அக்காவுக்கு மாதச் சம்பளமாகப் போட்டுவிடலாம் என்றேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. கெட்டவரும் இல்லை.

"வேலை பாதியாயிருச்சு, துட்டு முழுசாக் குடுங்கன்னா எப்படி தம்பி? பொறவு எனக்கு நீங்க என்னத்த மிச்சம் பிடிச்சுக் குடுத்தீக?"

"லாரி குறைஞ்சிருக்கே அண்ணாச்சி."

"லாரியும் கொறஞ்சிருக்கு, துவைக்கிற கூலியும் மாசம் ஐயாயிரத்து ஐந்நூறு கொறஞ்சிருக்கு. ரெண்டும் சேர்ந்ததுதான திட்டம்? உங்க ரிப்போர்ட்லயே அப்படித்தான போட்டிருக்கு?"

போட்டிருந்தது. இரண்டாவது பக்கத்தில், தடித்த எழுத்தில். "யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள் என்பது, இதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை என்பதைப் படித்தவர்கள் சொல்லும் முறை.

நாலாம் நாள் மேனேஜர் போன் பண்ணினார். "அந்தம்மா வரல சார். ஆள் விட்டுக் கேட்டேன். தாயில்பட்டியிலேயே பழைய ஆலைக்குப் போயிருச்சாம். மருந்து ரூமுக்கு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தார். ரோட்டில் டயர் வெடித்தால்கூட.

லாட்ஜில் துணி குவிந்தது. விருதுநகரில் ஒரு லாண்டிரியைப் பிடித்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேன் வரும், அழுக்கை ஏற்றிக்கொண்டு போகும், வெளுப்பைக் கொண்டுவரும். போக வர ஐம்பது கிலோமீட்டர் டீசல். தண்ணீரைக் காப்பாற்ற டீசலை எரிக்கும் பசுமை லாட்ஜ்... மகனிடம் சொன்னால் அந்த இலையைக் கீழே போட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.

வெளுப்பும் வெளுப்பாக வரவில்லை. எங்கள் ஊர் விருந்தாளிகள் சாம்பிளைத் தொட்டுப் பார்த்து, கொளுத்திப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். கையில் கரியும் அலுமினியப் பொடியும் இருக்கும். அதைத் துண்டில் துடைப்பார்கள், அப்படியே கட்டிலில் சாய்வார்கள். லாண்டிரியில் போய்த் திரும்பிய துண்டெல்லாம் சாம்பலும் வெள்ளியுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"கறை இல்லையாம் சார், பெயிண்டாம். லாண்டிரிக்காரன் சொல்லுதான்," என்றார் மேனேஜர். "நாலு வருசமா அந்தம்மா எப்படி எடுத்துச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரைக்கும் கை வெள்ளியாக மினுங்கியது.

"வாங்க சார். அட்டை கொண்டாந்தீகளா?"

"இல்லக்கா."

"கொண்டாந்திருந்தா அடுப்புக்கு ஆகுமேன்னு கேட்டேன். இருங்க, காபி போடுதேன்."

லாண்டிரிக் கதையைச் சொன்னேன். அலசுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"மொதல்லயே தண்ணியில போட்டிருப்பான். தண்ணி பட்டா பொடி நூலுக்குள்ள இறங்கிரும். எண்ணெயத் தொட்டுத் தேய்க்கணும், பொறவு சோப்பு, அதுக்குப் பொறவுதான் தண்ணி. நாங்க மேலு கழுவுறதே அப்படித்தான சார்?" சிரித்தார். "உங்க அட்டையப் பார்த்துட்டு ஒரு ஆளு துண்டைப் பத்திரமாக் கொக்கியில மாட்டிட்டுப் போனாரு. முழுக்க வெள்ளிப்பொடி. மறுநா அதுலயே மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, கோயில்ல வேசங்கட்டுனவரு மாதிரி கீழ இறங்கி வாராரு."

"இதுக்கு என்னக்கா பண்ணலாம்?"

"என்னத்தப் பண்ண? கிழிஞ்ச பெட்சீட்டை வெட்டி, கை தொடைக்கன்னு ரூமுக்கு ஒரு துணி தொங்கவிட்டாப் போதும். நல்ல துண்டு ரெண்டு நாளைக்கு அழுக்காகாது. அம்புட்டுத்தான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா."

என்னை நிமிர்ந்து பார்த்தார். சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"சொன்னா துண்டு கொறையும்ல சார்?"

அவ்வளவுதான் விஷயம். நான் அளவெடுத்த குழாய், எண்ணிய லிட்டர், இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய சர்டிபிகேட் எதிலும் இந்த ஒரு வரி இல்லை. எதை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தெரிந்த ஒரே ஆளுக்கு, மிச்சம் பிடித்தால் பட்டினி என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். பிறகு விழிப்புணர்வு இல்லை என்று அட்டை அடிக்கிறோம்.

"அங்க பயமா இல்லையாக்கா?"

"பயப்படுற நேரத்துக்கு யாரு துட்டு தாரா?" துணியைப் பிழிந்து உதறினார். "காலைல உள்ள போகையில மக மூஞ்சிய நெனைக்க மாட்டேன் சார். நெனச்சா கை ஆடும். கை ஆடப்படாது."

உதறிய துணியைக் கொடியில் போட்டார். பிறகு, லாட்ஜுக்குத் திரும்பி வருவதென்றால் எப்படி என்று அவரே சொன்னார். மாதம் பதினோராயிரம். சீசன் இல்லாத மாதத்துக்கும் அதேதான். எதைத் துவைப்பது, எதை விடுவது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்வார், கொக்கி சொல்லக் கூடாது. ஒத்துக்கொண்டால் வருவார். பீஸ் கணக்கு என்றால் வரமாட்டார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். இந்த முறை உட்காராமலே சொன்னேன். யோசித்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அக்கா எந்த ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றும் சொன்னேன். தெரியாதவர் இல்லை, ஆனாலும் சொன்னேன்.

அவர் லாண்டிரி பில்லைப் பார்த்தார். மேனேஜர் மூலையில் குவித்து வைத்திருந்த வெள்ளித் துண்டுகளைப் பார்த்தார்.

"துவைக்காத துணிக்கும் சம்பளம்," என்றார்.

"ஆமா அண்ணாச்சி. துவைக்காம வச்சதுக்குத்தான் சம்பளமே."

"மத்த லாட்ஜ்காரன் கேட்டாச் சிரிப்பான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வரச் சொல்லுங்க. எம்மவனுக்கும் ஒரு போனைப் போடுங்க. இலை இலைன்னானே, இலை என்ன விலைக்கு வந்திருக்குன்னு அவனும் தெரிஞ்சுக்கிடட்டும்."

திங்கட்கிழமை அக்கா வந்துவிட்டார். மருந்து ரூமில் மொத்தம் இருபத்திரண்டு நாள் இருந்திருக்கிறார். இருபத்திரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவதில் இவ்வளவு நிம்மதி இருக்கிறது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். நடந்திருந்தால், என் ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பாண்டியம்மா அக்காவின் கூலியில் மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடிக்கப் போனதில், அந்த நாட்களில் லாட்ஜுக்கு ஆன செலவு: பதினொரு நடை வேனுக்கு ஏழாயிரத்து எழுநூறு, லாண்டிரிக்குப் பத்தாயிரத்து நூற்றி இருபது, தூக்கிப் போட்ட துண்டுக்கும் பெட்ஷீட்டுக்கும் பதிலாகப் புதிது வாங்கப் பதினோராயிரத்து எழுநூறு. ஆக மொத்தம் இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றி இருபது ரூபாய்.