பரிமளம் வைத்த உயரம்

கட்டுகஸ்தோட்டையில் கல்யாணக் கார் வேண்டுமென்றால் முதலில் பரிமளத்தைத்தான் கேட்பார்கள். ஊரில் வேறு கார்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளை ஏறப்போகும் காரை, பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை ஓட்டிவந்து வாசலில் நிறுத்துகிற காட்சியை வேறு யாராலும் கொடுக்க முடியாது. ஐம்பதைத் தாண்டியவள், பருத்த உடம்பு, கணீரென்ற குரல். இந்தப் பொம்பளைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா என்று ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களின் குறுகலான கேட்டுக்குள் காரைப் பின்பக்கமாகவே ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள். அடக்கம் அவளுக்கு வராது. வரவேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை.

அவள் புருஷன் ராஜலிங்கம் ஒரு காலத்தில் லொறி ஓட்டியவர். எண்பத்துமூன்றாம் வருஷக் கலவரத்தில் லொறியை நடுரோட்டில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். மனுஷன் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார், ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் உழைக்க வேண்டுமே என்று பரிமளம் ஓட்டப் பழகினாள். பழைய வாடகைக் கார்களை ஓட்டி ஓட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்து, ஜப்பானிலிருந்து வந்த வெள்ளை நிற க்ரவுன் கார் ஒன்றை வாங்கினாள். ராஜலிங்கம் டெலிபோனில் ஹயர், அதாவது வாடகைச் சவாரி, பேசுவார், சமைப்பார். கண்டி கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் இருந்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவள்தான் போனாள்.

அந்தக் காரில் ஒரு விசேஷம் இருந்தது. சக்கரச் சில்லுகளுக்கு மேலே கம்பிச்சுருள் கிடையாது, காற்றுப் பைகள்தான். ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் உயரத்தை அளக்கிற சென்சர் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கீழே போய் சில்லைத் தாங்கும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கார் தாழ்ந்தால் காற்றை ஏற்றும், உயர்ந்தால் காற்றை விடும். இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் கார் ஒரே உயரத்தில் நிற்கும்.

இரண்டாயிரத்து ஏழில், சண்டை மறுபடி மூண்டிருந்த காலத்தில், பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருந்த திருச்செல்வம் தன் மகனின் கல்யாணத்துக்குக் கார் பேசினார். பையனுக்கு ஓர் ஆசை. கொழும்பில் பெரிய இடத்துக் கல்யாணங்களில் வருவதுபோலக் கார் நிலத்தோடு நிலமாகப் பதிந்து வரவேண்டுமாம். பரிமளம் உடனே ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்று கேட்க மெக்கானிக் றவூபின் கராஜுக்குப் போனாள்.

றவூப் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அந்த மெல்லிய கம்பியின் நீளத்தைத் திருகி மாற்றினால் போதும் என்றார். கார் அதிகமாக உயர்ந்துவிட்டதென்று சென்சர் ஏமாந்து தானாகவே காற்றை விடும். "செய்யேலும் தங்கச்சி. ஆனா நாலு பக்கமும் ஒரே அளவா வரோணும். இல்லாட்டி வாகனம் நொண்டும்," என்றார்.

அவர் ஒரு பக்கத்தைத் திருகினார், மற்ற மூன்றையும் பரிமளமே திருகினாள். தன் காருக்குத் தான் சொன்னதுதான் உயரம் என்ற எண்ணம் அவளுக்குக் கள் குடித்ததுபோல ஏறியது. கல்யாணத்துக்குத் தாழ்த்துவாள், தெல்தோட்டைப் பக்கத்துக் கரடுமுரடான தேயிலைத் தோட்ட ரோட்டுக்கு உயர்த்துவாள். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

கல்யாணத்தன்று காலையில் பூச்சரம் கட்டி, நிலத்தோடு பதிந்த காரை ஓட்டிக்கொண்டு, மாப்பிள்ளையை ஏற்றிவரத் தனியாகப் புறப்பட்டாள். பேராதனைப் பாலத்துக்கு முன்னால் செக் பொயின்டில் மறித்தார்கள். அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் அதிலிருந்த தமிழ்ப் பெயரை இரண்டு தரம் வாசித்தான். பிறகு காரைச் சுற்றி வந்தான். காரில் இருப்பது ஒரே ஒரு பெண், ஆனால் காரோ மூட்டை மூட்டையாக ஏற்றியதுபோல் அழுந்திக் கிடக்கிறது. அந்த நாட்களில் அழுந்திய கார் என்றால் குண்டுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அவன் இரண்டடி பின்னால் போய் அதிகாரியைக் கூப்பிட்டான். டிக்கியில் ஸ்பெனர்களும் ஒரு பாயும் தவிர வேறொன்றுமில்லை என்று பார்த்த பிறகும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சீட்டை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று அதிகாரி சொன்னான். சின்ன வயதுக்காரன், மரியாதையாகத்தான் பேசினான்.

பரிமளம் சீட்டைப் பார்த்தாள். வெட்டிய சீட்டோடு எந்த மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போவது? கார் போனால் வீட்டில் அடுப்பும் எரியாது. அவளைப் பிடித்துக்கொண்டு போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் பயத்தை முகத்தில் காட்டுகிற ஆள் அவள் இல்லை. நல்ல சிங்களத்தில், பாடம் நடத்துகிற தோரணையில், சென்சரையும் கம்பியையும் விளக்கினாள். நம்பாவிட்டால் நாலு பேரைப் பின்னால் ஏறச் சொல்லுங்கள் என்றாள். மூட்டையால் அழுந்திய காராக இருந்தால் இன்னும் அழுந்தும், இது அப்படிச் செய்யாது.

நாலு சிப்பாய்கள் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினார்கள். கதவுகளை மூடச் சொல்லி எஞ்சினைப் போட்டாள். கார் முதலில் பதிந்தது. பிறகு உள்ளே எங்கோ ஒரு மோட்டர் முனக, நாலு பேரையும் சுமந்துகொண்டு மெல்ல எழுந்து, பழைய உயரத்துக்கு வந்து நின்றது. பரிமளம் வெற்றிக் களிப்போடு அதிகாரியைப் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. குனிந்து பின் சில்லைப் பார்த்தான்.

"அப்படியென்றால் இந்தக் காரில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வெளியே தெரியாது, இல்லையா?"

தன் வாயாலேயே தன்னை மாட்டிவைத்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்தியோடு ஒருவன் பின் கதவைத் திறந்தான்.

"வெட்டாதீங்க சேர்," என்றாள் பரிமளம். "எல்லாத்தையும் தெறந்து பாருங்க. ஆனா நான்தான் தெறப்பேன்."

அவன் தலையசைத்தான். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிக்கியிலிருந்து ஸ்பெனரை எடுத்தாள். பின் சீட்டின் அடிப்பலகையை ஒரு தூக்கில் கழற்றினாள். சாய்மானத்தைக் கழற்றினாள். கதவுகளின் உள் அட்டைகளைக் கிளிப் உடையாமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். ரோட்டோரத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். பின்னால் பஸ்கள் சேர்ந்துகொண்டே போயின. மோப்ப நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. காரில் இருந்தது தூசியும், எந்தக் கல்யாணத்திலோ சிந்திய அரிசியும்தான். எல்லாவற்றையும் அவளே திரும்பப் பூட்டினாள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிகாரி ஒன்று சொன்னான். இந்தக் காரை இந்த உயரத்தில் தன் ஆட்கள் பார்த்துவிட்டார்களாம். இனி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இதே உயரத்தில் வரவேண்டுமாம். உயரம் மாறியிருந்தால் யாரோ காரில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வானாம். மாப்பிள்ளை காத்திருக்கிறானே என்ற அவசரத்தில் பரிமளம் சரி என்றுவிட்டாள்.

அந்தச் சரி அன்று முழுக்க அவளை அரித்தது. மாப்பிள்ளையைக் கட்டுக்கலைக் கோயிலில் இறக்கிவிட்டபோது எல்லோரும் காரைப் புகழ்ந்தார்கள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ராஜலிங்கம் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர்கள் சொன்னபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கார் இருக்கிறது, நீ இருக்கிறாய், போதும் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் பரிமளம் கம்பிகளைத் தொடவில்லை.

அடுத்த கிழமை தெல்தோட்டைக்கு ஒரு ஹயர் வந்தது. அதற்கும் அதே செக் பொயின்டைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு வழியில் காருக்கு அடியில் படுத்துத் திருக முடியாததால், தாழ்ந்த காரிலேயே போனாள். சிப்பாய்கள் பார்த்தவுடனே போகச் சொன்னார்கள். மலை ரோட்டில் ஏறிய பிறகு காரின் வயிறு ஒவ்வொரு கல்லிலும் உரசியது. உரசும் ஒவ்வொரு தடவையும் தன் உடம்பிலேயே பட்டதுபோல் அவள் பல்லைக் கடித்தாள். ஓரிடத்தில் பெரிதாக அடிபட்டு எஞ்சின் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. ஏறியிருந்தவர்களை வேறு வேனில் அனுப்பிவிட்டு, ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தைவிட அதில் ஆத்திரம்தான் அதிகம்.

றவூப் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோதே அவள் கம்பிகளைத் திருகி நாலு பக்கமும் காரை உயர்த்திவிட்டாள். ராஜலிங்கத்திடம் மறைக்கவில்லை, நேராகவே சொன்னாள். அவர் ஸ்பெனர்களைத் துணியில் சுற்றிக் காரில் வைத்தார்.

மறுபடி தெல்தோட்டைக்குப் புறப்பட்டபோது, செக் பொயின்டில் யாரும் கை காட்டுவதற்கு முன்பே நடு ரோட்டில் நிறுத்தி இறங்கினாள். பாயை விரித்தாள். பின் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தாள். அதிகாரி ஓடிவந்து என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"ஒசரம் மாறினா சந்தேகம்னு சொன்னீங்க. இன்னைக்கி மாறியிருக்கு. இந்த ரோட்டுக்கு இந்த ஒசரந்தான் வேணும். அதான் நானே கழட்டிக் காட்டுறேன். எப்ப வந்தாலும் காட்டுவேன்."

அதற்குள் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியிருந்தன. லீவில் ஊருக்குப் போகும் சிப்பாய்கள் இரண்டு பேர் முன் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிச் சத்தம் போட்டார்கள். பரிமளம் அவசரப்படவில்லை. சாய்மானம், வலது கதவின் அட்டை, இடது கதவின் அட்டை என்று நிதானமாகக் கழற்றினாள். போதும் என்று அதிகாரி சொன்ன பிறகும் கடைசி அட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் திரும்பப் பூட்டினாள்.

அதற்கடுத்த முறை வந்தபோது தூரத்திலேயே ஒரு சிப்பாய் வழியை விட்டுக் கையசைத்தான். அவள் நிறுத்தி, ஸ்பெனரோடு இறங்கினாள். "அக்கே, புண்ணியமாய்ப் போகும், கழட்டாதீங்க, போங்க," என்று அவன் கெஞ்சினான்.

சண்டை முடியும் வரை அந்த வழியில் அவள் போய் வந்தாள், தாழ்ந்தும் உயர்ந்தும். ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டையைக் கேட்டார்கள், பெயரை இரண்டு தரம் வாசித்தார்கள், அவளும் காத்து நின்றாள். காரின் உயரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.