சந்தனம் பூசிய சாவி

பொற்கொடி வேலையில் சேர்ந்த முதல் நாள், முதல் பீரியடிலேயே அவளுக்குத் தலை சுற்றியது. பசி மயக்கம் என்று சொல்ல முடியாது. கீரமங்கலத்தில் பஸ் ஏறும்போதே நாலு இட்லி உள்ளே போயிருந்தது.

"எல்லாரும் கேம் சாப்ட்வேரத் தொறங்க" என்றாள்.

கம்ப்யூட்டரில் ஒரு பொருளை வரைந்து கொடுத்தால், இரும்பை அந்த வடிவத்தில் வெட்டுவதற்கான கட்டளைகளை மெஷினுக்கு எழுதிக் கொடுக்கும் மென்பொருள் அது, விளையாட்டு கேம் இல்லை. எதிரே பதினாலு மாணவர்கள். பதினாலு பேரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பைக்குள் கையை விட்டு, பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டை எடுத்து மேசையில் விரித்தார்கள். முன்வரிசை இலக்கியா பதினேழாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு கட்டத்தின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தொறந்தாச்சு மேடம்."

பொற்கொடி கிட்டே போய்ப் பார்த்தாள். பக்கம் முழுக்கப் பென்சிலில் வரைந்த கம்ப்யூட்டர் திரை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாற்பது சின்னப் படங்களையும் வரிசை பிசகாமல் வரைந்திருந்தாள். மவுஸின் அம்புக்குறிகூட இருந்தது. கீழ் மூலையில் மணி 11:42. அடுத்த நோட்டைப் பார்த்தாள். அதிலும் 11:42. பதினாலு நோட்டிலும் அதே 11:42.

"நோட்டுல இல்லப்பா, கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்ல அது தொறக்காது மேடம்" என்றான் ஆவூர் பெலிக்ஸ். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது குரல். "எங்க சீனியருக்கும் தொறந்ததில்ல, அவங்க சீனியருக்கும் தொறந்ததில்ல. நோட்டுலயே பழகிட்டோம். எந்தப் பக்கம் வேணாலும் கேளுங்க."

"குழி வெட்டணும். எப்புடி?"

"மேல மூணாவது படம், அதுக்குள்ள அஞ்சாவது வரி, ஓகே. வார கட்டத்துல ஆழம் பத்து, ஓகே. பச்சைக் கோடு வரும், திரும்ப ஓகே." மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான். பச்சைக் கோட்டை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நோட்டில் எல்லாமே பென்சில்தான்.

பொற்கொடி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

ஓசூரில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் மெஷின் ஓட்டியவள் அவள். சாப்ட்வேரையும் அங்கேதான் கற்றாள். கற்றாள் என்பது மரியாதைக்கு. சூப்பர்வைசர் வேலை செய்யும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். "வெளிச்சத்த மறைக்காத, போ" என்று திட்டு வாங்குவாள். மறுநாள் மறுபடியும் போய் நிற்பாள். ஒருத்தரையும் திட்டாமல் இதை நடத்திக் காட்டணும் என்று ஒரு ரோசம். அதனால்தான் ஆலங்குடி ரோட்டில் இருக்கும் இந்தத் தனியார் ஐ.டி.ஐ.க்கு மனுப்போட்டாள்.

மத்தியானம் ஆபீஸிலிருந்து இன்னொரு இடி வந்தது. போன வருடம் வரை எழுத்துப் பரீட்சையும் ரெக்கார்டு நோட்டும் போதுமாயிருந்தது. இந்த வருடம் வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவாராம். ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரில் புரோகிராம் போட்டு, மெஷினில் ஒரு இரும்புத் துண்டை வெட்டிக் காட்டணுமாம். முடியாதவர்களுக்கு ஒரு வருடம் போச்சு. இன்னும் பதினெட்டே நாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது தேடல். ஓசூர்த் தோழி ஒருத்தி தொள்ளாயிரம் பக்க ஆங்கிலப் புத்தகத்தைப் போனுக்கு அனுப்பினாள். அதைத் திறந்ததும் போன் அணைந்துபோனது. யூடியூபில் அருமையாக ஒருவர் சொல்லிக்கொடுத்தார், முழுக்க இந்தியில். தமிழில் ஒருவர் கிடைத்தார். வணக்கம் சொல்லி, பெல் பட்டனை அமுக்கச் சொல்லி, மீதிப் பாடத்துக்குக் கோர்ஸில் சேரச் சொல்லி முடித்துக்கொண்டார். முப்பது நாள் இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேரை இறக்கிப் பார்த்தாள். இந்தக் கம்ப்யூட்டர்களின் வயசுக்கு அது ஏறவே மாட்டேன் என்றது. இப்படியே நாலு நாள் ஓடிப்போனது.

ஐந்தாம் நாள், பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் மூலையில் அந்த மென்பொருளே கிடப்பதைக் கண்டுபிடித்தாள். தட்டினால், 'சாவியைச் செருகவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சாவி. அதைச் செருகினால்தான் உள்ளே விடும். ஓசூரில் பார்த்திருக்கிறாள்.

ஆபீஸ் திலகவதி அக்காவிடம் ஓடினாள். "அக்கா, கம்ப்யூட்டர்ல சொருகுற சாவி மாதிரி ஒன்னு, கட்டைவிரல் சைசுல... எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அட, நம்ம பூசைச் சாமானா?" என்றார் திலகவதி.

"என்னது?"

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் சார் எடுத்து வைப்பாரே. வாங்குறப்பவே ஒரு காரு வெலயாம். அதான் பீரோவுல இருக்கு."

பீரோ திறந்தது. உள்ளே சிவப்புப் பட்டுத் துணி, அதற்குள் காய்ந்த வெற்றிலை போட்ட டப்பா, டப்பாவுக்குள் அது. முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். கம்ப்யூட்டரில் செருக வேண்டிய வாயிலும் சந்தனத்தை அப்பி, அது காய்ந்து கல்லாகியிருந்தது. அதைக் கையில் எடுக்கலாமா, கும்பிட்டுவிட்டு எடுக்கணுமா என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை.

அதற்குள் கரஸ்பாண்டென்ட் பெரியண்ணன் வந்துவிட்டார்.

"யாரும்மா அதத் தொட்டது?"

"பாடம் நடத்த வேணும் சார்."

"அதுலயா?" அவருக்கு இவளைவிடப் பெரிய அதிர்ச்சி. "மொத பேட்ச் நடத்துன வாத்தியாரு ரெண்டு நாளு எங்கயோ வச்சுட்டாரும்மா. ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்கல. அன்னைக்கு உள்ள வச்சதுதான். இது தொலைஞ்சா ஒன்னால வாங்கித் தர முடியுமா?"

"முடியாது சார். ஆனா பதினாலு பேருக்கு ஒரு வருசம் தொலைஞ்சா, அத நம்ம ரெண்டு பேராலயும் வாங்கித் தர முடியாது."

பெரியண்ணன் பட்டுத் துணியை மடித்துப் பீரோவில் வைத்தார். பிறகு வெளியே போய், ஒரு முழம் சணல் கயிற்றோடு திரும்பி வந்தார். பேங்கில் பேனாவைக் கட்டி வைப்பார்களே, அதே மாதிரி சாவியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கட்டி, மூன்று முடிச்சும் போட்டார்.

"மேடம், கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா?" என்றான் பெலிக்ஸ். அவர் முறைத்ததும் குனிந்துகொண்டான்.

குண்டூசியும் பழைய டூத் பிரஷும் ஸ்பிரிட்டும் வைத்து முக்கால் மணி நேரம் சுரண்டினாள் பொற்கொடி. மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒன்பது வருடப் பூசை உதிர்ந்தது. பதினாலு பேரும் சுற்றி நின்று மூச்சைப் பிடித்தார்கள். செருகினாள். குட்டியாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. திரை விரிந்தது.

"ஐயோ" என்றாள் இலக்கியா. "மேடம், என் நோட்டு!"

அச்சு அசல் அதே திரை. பொற்கொடிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. ஒன்பது வருடப் பழசு. ஓசூரில் பார்த்ததும் இல்லை, யூடியூபில் பார்த்ததும் இல்லை. ஒவ்வொரு படமும் வேறு இடத்தில் இருந்தது. உலகத்தில் இந்தப் பழைய மென்பொருளுக்குப் பாடப்புத்தகம் என்று ஏதாவது இருந்தால், அது அந்தப் பதினாலு பழுப்பு நோட்டுகள்தான். 'நோட்டுல இல்லப்பா' என்று முதல் நாள் அவள் ஒதுக்கிய அதே நோட்டுகள். அவளுக்குக் கூசிப்போனது.

"பெலிக்ஸு, குழி வெட்டுறதுக்கு என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

அவன் ஒப்பித்தான். அவள் அமுக்கினாள். பச்சைக் கோடு வந்தது.

"நெசமாவே பச்சையா இருக்குடா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அதன்பிறகு மிச்ச நாளும் நோட்டு வழி காட்டியது, பொற்கொடி காரணம் சொன்னாள். எந்த வெட்டும் டூலுக்கு எந்த வேகம், அதை ஏன் ஒரே தடவையில் பத்து மில்லிமீட்டர் இரும்புக்குள் இறக்கக் கூடாது என்பதெல்லாம் நோட்டில் இல்லை, அவளிடம் இருந்தது. ஒரே சாவி, ஒரே கம்ப்யூட்டர் என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள். மவுஸ்தான் படுத்தியது. பக்கம் பக்கமாகத் தெரிந்தவர்களுக்கு அம்புக்குறியை ஒரு இடத்தில் நிறுத்த வரவில்லை. பெலிக்ஸ் மவுஸை மேசை விளிம்பு தாண்டி அந்தரத்தில் நகர்த்திக்கொண்டிருந்தான். அவள் ஒருவரையும் திட்டவில்லை. இரண்டு தடவை வெளியே போய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தாள்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு பட்டன் மட்டும் திரையில் அகப்படவே இல்லை. ஆறு கால், நடுவில் கறுப்பு உடம்பு.

"அது டூல் மாத்துற பட்டன் மேடம். சீனியரு சொன்னாங்க."

பீரோவிலிருந்து முதல் பேட்ச் நோட்டை வாங்கிப் புரட்டினாள். அதே பக்கம், அதே மூலை. நசுங்கிப்போன ஒரு நிஜக் கொசு. ஒன்பது பேட்ச் அதைப் பயபக்தியோடு, ஒரு கால் குறையாமல் வரைந்து வந்திருக்கிறது. பொற்கொடி சிரித்த சிரிப்பில் திலகவதி அக்கா ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பரீட்சை அன்று எக்ஸாமினர் பெலிக்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். அவன் மவுஸை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் மட்டும் மேசையில் தட்டின. பொற்கொடி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, கண்ண மூடிக்கிட்டு என்ன பண்ற?"

"பக்கத்தத் திருப்புறேன் சார்."

அவர் பொற்கொடியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். பெலிக்ஸ் கண்ணைத் திறந்து, மூணாவது படத்துக்குப் போனான், அஞ்சாவது வரிக்குப் போனான். மெஷின் ஓடியது. இரும்பில் பத்து மில்லி ஆழத்துக்குக் குழி விழுந்தது. எக்ஸாமினர் அளந்தார். நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார். மார்க்கைப் போட்டார்.

பதிமூன்று பேர் தேறினார்கள். பதினாலாவது ஆள் பரீட்சைக்கே வரவில்லை; அன்றைக்கு அவன் அக்காவுக்குக் கல்யாணம். ஆள் அனுப்புவதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது. பதிமூன்று பேருக்காகச் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, அந்த ஒருவனுக்காகப் பொற்கொடி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆயுத பூசை வந்தது. பெரியண்ணன் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, "எடும்மா அத" என்றார்.

பொற்கொடி சிவப்புப் பட்டுத் துணியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே, சாவிக்குப் பதிலாக, போன மாதமே செத்துப்போன ஒரு பழைய பென் டிரைவ். அவர் கண்ணை மூடி மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே, அதன் வாய் நிறையச் சந்தனத்தை அப்பினார். பக்கத்து அறையில் சணல் கயிற்றின் நுனியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா கல்யாணத்துக்குப் போனவன் அடுத்த வருடப் பரீட்சைக்காகப் பச்சைக் கோட்டை எட்டாவது தடவை வரைந்துகொண்டிருந்தான்.