ஜன்னல் கம்பியில் ஒரு விரல்
ஐம்பத்தெட்டாம் வருஷமோ ஐம்பத்தொன்பதோ, விழுப்புரத்தில் ரயில் ஏறினேன். எதிரே ஜன்னலோரம் சவரம் செய்யாத முகத்தோடு ஒருவர். இரண்டு தடியர்கள் அவரை நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. விரல் மட்டும் கம்பியில் ஓயாமல் ஓடியது: மூன்று தட்டு, மூன்று இழுப்பு, மறுபடி மூன்று தட்டு.

“எங்க மாமாங்க. புத்தி கலங்கிடுச்சி, வைத்தியத்துக்கு இட்டுக்கினு போறோம்” என்றான் ஒரு தடியன்.

எனக்குப் பாவமாக இருந்தது. குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல, அதே தாளத்தை என் டிபன் டப்பாவில் தட்டினேன். அவர் கண் நிறைந்துவிட்டது. திண்டிவனத்தில் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முரண்டு பிடிக்காமல் அவர்களோடு இறங்கிப் போனார்.

அந்தத் தாளம் என் விரலில் ஒட்டிக்கொண்டது. பிறகொரு நாள் தபாலாபீஸ் கவுண்டரில் அப்படித் தட்டிக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்த தந்தி குமாஸ்தா பதறி எழுந்து வந்தார்.

“காப்பாத்துங்கன்னு தட்டறீங்களே சார், யாருக்கு என்ன ஆச்சு?”